செந்நாயின் ஆகாரமும் ஆரோக்கியமும்: ஆனைமலைக் காடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காடுகளுக்கும், இடுக்கி மாவட்டத்தின் சின்னாறு, மறையூர், இரவிகுளம் முதலிய பிரதேசங்களுக்கும் இடையே தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகம் பரந்து கிடக்கிறது. அரசாங்கப் படங்களில் இவை இரண்டு மாநிலங்களுக்கும் பல வன அதிகாரங்களுக்கும் உட்பட்ட தனித்தனி நிலங்களாக வண்ணமிட்டுக் காட்டப்பட்டாலும், காலையில் ஒரு பள்ளத்தாக்கிலும் மாலையில் மற்றொரு மலைச்சரிவிலும் இரை தேடி ஓடும் செந்நாய்க்கு இவை யாவும் ஒரே காடுதான். புலியைப் பற்றியும் யானையைப் பற்றியும் நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருக்க, அவற்றோடு ஒரே வனத்தில் வாழும் இந்தச் செந்நிற வேட்டைப் பிராணியைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருப்பது சொற்பமே. அது எதை உண்கிறது, அதன் உடலுக்குள் எவை குடியிருந்து உண்கின்றன, அதன் பிறப்பும் வளர்ப்பும் குடும்ப வாழ்க்கையும் எவ்விதம் அமைந்திருக்கின்றன என்ற மூன்று கேள்விகளையும் ஒருங்கே எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிராணி நூலார் ஒருபுறமும், கால்நடை வைத்தியர் ஒருபுறமும், வனத்துறையினர் ஒருபுறமுமாக இவற்றைப் பிரித்து ஆராய்வது வழக்கம். ஆனால் செந்நாயின் விஷயத்தில் ஆகாரம், ஒட்டுண்ணி, குடும்பம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதும், ஒன்றை விட்டு மற்றொன்றைக் காப்பாற்ற இயலாது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

உடலமைப்பும் வம்சமும்

ருஷ்ய நாட்டில் பணிபுரிந்த பல்லாஸ் என்ற இயற்கை நூலறிஞர் 1811-ஆம் ஆண்டில் இப்பிராணிக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். பின்னர் நேப்பாளத்தில் இருந்த ஹாட்ஜ்சன் 1838-இல் இதற்கெனத் தனிப் பேரினமே வகுத்து, குவோன் என்ற பெயரை அளித்தார். ஓநாயும் நரியும் வீட்டு நாயும் சேர்ந்த குடும்பத்தில் இதைத் தனியே பிரித்து வைத்ததற்குக் காரணம் வெறும் நிறமோ வாலோ அன்று. நாயின் வாயில் நாற்பத்திரண்டு பற்கள் இருக்க, செந்நாய்க்கு நாற்பதே உண்டு. கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களில் பக்கத்துக்கு ஒன்று குறைந்துவிட்டது. இறைச்சியை வெட்டும் கீழ்ப்பல்லின் பின்பகுதியும், மற்ற நாயினங்களில் நசுக்குவதற்கு ஏற்றபடி அகன்று இருப்பதுபோலன்றி, ஒரே கூர்முனையாக அமைந்திருக்கிறது. கனியையும் கிழங்கையும் எலும்பையும் அரைத்து உண்ணும் வசதியைப் பெரிதும் துறந்து, மாமிசத்தை விரைவாக வெட்டி விழுங்கும் திறமையை இப்பிராணி வளர்த்துக்கொண்டது என்பதை இந்தப் பல்லமைப்பு ஐயமறக் காட்டுகிறது.

உருவத்தில் செந்நாய் பெரியதன்று. பன்னிரண்டு முதல் இருபது கிலோ வரை எடையுள்ள இது, நம் ஊர்த் தெருநாயை ஒத்த அளவினதே. தன் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட எடையுள்ள கடமானை இது வீழ்த்த வல்லதாக இருப்பது, தனியொரு பிராணியின் வலிமையால் அன்று, கூட்டத்தின் ஒற்றுமையால்தான். ஐந்து முதல் பன்னிரண்டு வரையுள்ள கூட்டங்கள் சாதாரணமாகக் காணப்படுகின்றன. இருபதுக்கு மேற்பட்டவையும் உண்டு. இக்கூட்டங்களில் பெண்களைவிட ஆண்கள் மிகுதியாக இருப்பதை ஆய்வாளர் பலர் குறித்துள்ளனர். பெரும்பாலும் ஒரு ஜோடியே குட்டி ஈனும். மற்றவை அக்குட்டிகளுக்குச் செவிலியராகவும் காவலராகவும் அமைகின்றன. சிறுபான்மையாக ஒரே கூட்டத்தில் இரண்டாவது பெண்ணும் ஈனுவது உண்டு.

கர்ப்பகாலம் ஏறத்தாழ அறுபது நாட்கள். தென்னிந்தியாவில் பெரும்பாலும் மழைக்காலத்தின் கடைசியிலிருந்து கோடையின் தொடக்கம் வரையுள்ள மாதங்களில் குட்டிகள் பிறக்கின்றன. ஒரே ஈற்றில் நான்கு முதல் பத்து வரை, அபூர்வமாகப் பன்னிரண்டு குட்டிகள் கூடப் பிறப்பதால், தாய்க்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு முலைக்காம்புகள் அமைந்திருப்பது பொருத்தமே. முள்ளம்பன்றி முதலியன தோண்டிய வளைகளையோ பாறை இடுக்குகளையோ அவை ஈற்றிடமாகக் கொள்கின்றன. தாய் வளையை விட்டு வெகுதூரம் செல்ல இயலாத நாட்களில், வேட்டைக்குச் சென்று மீண்டவை தாம் விழுங்கிவந்த இறைச்சியைக் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும், காவலுக்கு நின்றவற்றுக்கும் ஊட்டுகின்றன. குட்டிகள் வளையை விட்டு வெளிவந்து வேட்டையிடத்துக்குச் செல்லும் பருவம் அடைந்தபின், பெரியவை விலகி நின்று அவற்றை முதலில் உண்ணவிடுகின்றன. தன் வயிற்றில் இருப்பதைப் பிறருக்கு ஈயும் இந்தச் சுபாவம், பின்னர் நாம் காணப்போகும் ஒட்டுண்ணிப் பிரச்சினையோடு நெருங்கிய சம்பந்தம் உடையது.

ஆகாரம்

செந்நாயின் ஆகாரத்தை முறையாக ஆராய்ந்த முன்னோடி ஒரு தமிழர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. திருநெல்வேலிச் சீமையின் நாங்குநேரியில் பிறந்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துவந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டத்தைத் தொடர்ந்து கவனித்தார். சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியைச் சாஸ்திர முறையில் ஆராய்ந்த முதல் இந்தியர் அவரே என்று கூறப்படுவது வழக்கம். அவருக்கு முன்னரே குன்னூரைச் சேர்ந்த வழக்கறிஞர் இ. ஆர். சி. டேவிதார் நீலகிரிச் சாரலில் செந்நாய்களைக் கவனித்து எழுதியிருந்தார். இவர்களுக்குப் பின் நாகரஹொளெயில் உல்லாஸ் காரந்தும் சன்குவிஸ்டும், முதுமலையில் அருண் வேங்கடராமனும் செய்த ஆய்வுகளால் இவ்வறிவு மேலும் விரிவடைந்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் சித்திரம் தெளிவானது. செந்நாய் பெரும்பாலும் பகலில், விடியற்காலையிலும் மாலை வெயில் தணியும் வேளையிலும் வேட்டையாடும். புள்ளிமானும் கடமானும் அதன் பிரதான இரை. காட்டுப்பன்றி, கேளையாடு, சருகுமான், முயல், காட்டுமாட்டின் கன்று ஆகியவை இடத்துக்கு ஏற்பச் சேர்கின்றன. சில சமயங்களில் எலியும், குரங்கும், காட்டுப் பழங்களும் கூட அதன் எச்சத்தில் தட்டுப்படுகின்றன. நாகரஹொளெயில் செய்யப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வில், புலி கொன்ற முக்கிய இரைகளின் சராசரி எடை 91.5 கிலோவாகவும், சிறுத்தையினது 37.6 கிலோவாகவும், செந்நாயினது 43.4 கிலோவாகவும் கணக்கிடப்பட்டது. சிறுத்தையைவிடப் பன்மடங்கு சிறியதான ஒரு பிராணி, கூட்டமாகச் சேர்வதால் சிறுத்தைக்கும் மேற்பட்ட அளவுள்ள இரையை அடைகிறது என்பதே இந்த எண்களின் சாரம்.

ஆனைமலைப் பகுதியின் விசேஷம் யாதெனில், மற்ற இடங்களில் தனித்தனியே காணப்படும் காட்டு வகைகள் யாவும் இங்கே சில மணி நேர ஓட்டத்துக்குள் நெருங்கியிருப்பதுதான். மழைமறைவில் கிடக்கும் சின்னாற்றின் முட்புதர்க் காட்டிலும், டாப்சிலிப், பறம்பிக்குளம் ஆகியவற்றின் இலையுதிர் காடுகளிலும் புள்ளிமான் கூட்டங்கள் உண்டு. மலை ஏற ஏறப் புள்ளிமான் மறைந்து, சோலைக் காட்டின் இருளில் மிளா என்றும் சொல்லப்படும் கடமானும் கேளையாடும் மிகுகின்றன. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளத்தின் உயர்ந்த புல்வெளிகளில், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரி வரையாடு கூட்டங்கூட்டமாக மேய்கிறது. செந்நாயைக் கண்டவுடன் அவை செங்குத்தான பாறைச் சரிவுகளை நோக்கி விரைவதும், அச்சரிவுகளை விட்டு வெகுதூரம் மேயச் செல்லாதிருப்பதும் வேட்டைப் பிராணியும் இரையும் நெடுங்காலம் ஒன்றையொன்று உருவாக்கியதன் அடையாளமாகும். ஆனைமலைக் காப்பகத்தில் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்றின் ஆகாரத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், தன் ஆகாரத்தில் கடமானுக்கு மிகப் பெரிய பங்கு அளிப்பது புலி என்றும், செந்நாய் அதற்கு அடுத்தது என்றும் கண்டனர். ஆகவே, இவ்வட்டாரத்தில் கடமான் குறைந்தால் புலியோடு செந்நாய்க் கூட்டமும் மெலியும் என்ற அனுமானம் தவறாகாது.

செந்நாய் கொல்லும் விதத்தைக் கண்டு அருவருத்தோர் பலர். புலியைப்போல் கழுத்தைக் கவ்விக் கொல்லாமல், பெரிய மானைப் பின்னாலிருந்து தாக்கி வயிற்றைக் கிழித்து, உயிர் இருக்கும்போதே உண்ணத் தொடங்குவதால், இதைக் கொடூரத்தின் வடிவமாகவே பழைய வேட்டைக்காரர்கள் வருணித்தனர். அந்த வெறுப்பின் விளைவாகப் பிரிட்டிஷ் ஆட்சியில் செந்நாயைக் கொல்வோருக்கு வெகுமதி அளிக்கப்பட்டு, அவ்வழக்கம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை பல இடங்களில் நீடித்தது. உண்மையில், தனியாக ஒரு பெரிய மானை அடக்கும் தாடைவலிமை அற்ற சிறு பிராணி, குருதி விரைவாக வெளியேறச் செய்து சில நிமிடங்களில் இரையை வீழ்த்துவது அதன் உடலமைப்புக்கு இசைந்த வழி. விரைந்து உண்பதும் அப்படியே: புலியோ சிறுத்தையோ மனிதனோ வந்து பறிப்பதற்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு.

எச்சத்தைப் படிக்கும் முறை

காட்டில் செந்நாய் உண்பதை நேரில் காண்பது அரிதாகையால், ஆய்வாளன் அதன் எச்சத்தையே பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது. செந்நாய்க் கூட்டம் பாதைகள் கூடும் இடங்களில் பொதுவான கழிவிடங்களை அமைத்துக்கொள்ளும் வழக்கம் உடையது. இதனால் எச்சத்தைச் சேகரிப்பது எளிதாகிறது. எச்சத்தைக் கழுவி உலர்த்தி, எஞ்சிய மயிர்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மயிரின் மேல்தோல் செதில்களையும் உள்ளே ஓடும் நடுத்தண்டின் அமைப்பையும் முன்பே தயாரித்த மாதிரிகளோடு ஒப்பிட்டால், இரை எது என்று கூறிவிடலாம்.

ஆயினும் இதில் ஒரு நுட்பமான தவறு நேர இடமுண்டு. சிறு பிராணிக்கு அதன் எடையை நோக்க மயிரும் தோலும் அதிகம். ஆகவே ஒரு கிலோ முயலிறைச்சி உண்டாக்கும் எச்சம், ஒரு கிலோ கடமான் இறைச்சி உண்டாக்குவதைவிட எண்ணிக்கையில் கூடும். எச்சங்களை வெறுமே எண்ணிக் கணக்கிட்டால் சிறு இரையின் பங்கு மிகையாகத் தோன்றும். இக்குறையைச் சரிசெய்ய, கூண்டில் வளரும் மாமிச பட்சணிகளுக்கு அளந்து ஊட்டி, அதனால் விளையும் எச்சத்தை அளந்து பெற்ற திருத்தச் சூத்திரங்கள் இன்று பயன்படுகின்றன. அண்மைக் காலத்தில் எச்சத்திலிருந்தே மரபணுவைப் பிரித்தெடுத்துத் தனித்தனி விலங்கை இனங்காணும் முறையும் வந்துவிட்டது. கேரளத்தின் வயநாடு சரணாலயத்தில் இம்முறையால் கணக்கிட்டபோது, நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினான்கு செந்நாய்கள் இருப்பதாக 2021-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. உலகில் இனப்பெருக்கம் செய்யும் பருவத்திலுள்ள செந்நாய்கள் 949 முதல் 2,215 வரையே இருக்கக்கூடும் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டிருப்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒவ்வொரு கூட்டமும் எத்துணை மதிப்புடையது என்பது விளங்கும்.

உள்ளே வாழும் உயிர்கள்

எந்த எச்சத்தில் இரையின் மயிர் கிடைக்கிறதோ, அதே எச்சத்தில் ஒட்டுண்ணியின் முட்டையும் கிடைக்கிறது. முதுமலைக் காட்டின் பாலூட்டிகளுடைய சாணத்தையும் எச்சத்தையும் சோதித்து, ஒட்டுண்ணிகளின் வகையும் அளவும் அவ்விலங்குகளின் வாழ்க்கை முறையோடு எவ்விதம் இயைகின்றன என்று மிலிந்த் வாட்வேயும் ராமன் சுகுமாரும் 1995-இல் எழுதிய கட்டுரை, இத்துறையில் ஒரு வழிகாட்டி. செந்நாயின் ஒட்டுண்ணிகளை, அவை உடலுக்குள் புகும் வாயிலைக் கொண்டு மூவகையாகப் பிரிப்பது நமக்குப் பெரிதும் துணைசெய்யும்.

முதலாவது வகை, இரையின் வழியே வருவது. நாயினங்களின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டை எச்சத்தோடு புல்லில் விழுகிறது. அதை மான் மேய்கிறது. மானின் தசையிலோ ஈரலிலோ வயிற்றுச் சவ்விலோ அது நீர்ப்பையாகத் தங்குகிறது. அந்த மானை வேட்டைப் பிராணி உண்ணும்போது மீண்டும் புழுவாக வளர்கிறது. இதே வழியைப் பின்பற்றும் ஓரணு உயிரியான சார்கோசிஸ்டிஸின் ஓர் இனம், புள்ளிமானையும் செந்நாயையும் மாறி மாறி இருப்பிடமாகக் கொண்டு வாழ்வதை வாட்வேயும் உடன் ஆய்வாளரும் தீபகற்ப இந்தியாவின் காடுகளில் ஆராய்ந்து, அதற்குச் சார்கோசிஸ்டிஸ் ஆக்ஸிகுவோனிஸ் என்று பெயரிட்டனர். மானின் தசையில் அது நுண்ணிய உறைகளாகத் தங்குகிறது. செந்நாயின் குடலில் இனப்பெருக்கம் செய்கிறது. இவ்வகை உயிரிகள் இரண்டு விலங்குகளும் ஒருங்கே இருந்தாலன்றி வாழ இயலாதவை. ஆகவே, ஒரு காட்டில் இவை இருப்பது நோயின் அறிகுறி என்பதைவிட, வேட்டைப் பிராணிக்கும் இரைக்கும் உள்ள பழைய உறவு அறுபடாமல் இருப்பதற்குச் சாட்சி என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது வகை, மண்ணின் வழியாகவும் தாயின் வழியாகவும் வருவது. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணிலிருந்து தோலைத் துளைத்து உட்புகும். நாயினங்களில் அது தாய்ப்பாலின் வழியே குட்டிக்கும் சேரும். வட்டப்புழுவான டாக்ஸோகாராவோ கருப்பையிலிருக்கும் குட்டியையே பற்றிக்கொள்ளும். கூட்டமாக வாழும் பிராணிக்கு இது கடுமையான சோதனை. ஒரே கழிவிடம், ஒரே வளை, பத்துக் குட்டிகளின் நெருக்கம் ஆகியவை யாவும் இவ்வகைப் புழுக்கள் பரவ வசதி செய்கின்றன. வேட்டைக்கு வலிமை தரும் ஒற்றுமையே ஒட்டுண்ணிக்கும் வழி திறந்துவிடுகிறது. கூட்ட வாழ்க்கை இத்தனை நஷ்டத்தையும் தாங்கி நிலைத்திருப்பதால், அதனால் வரும் லாபம் அதனினும் பெரிது என்றே கொள்ளவேண்டும்.

மூன்றாவது வகை, பூச்சிகளின் வழியே வருவது. உண்ணிகள் இரத்தத்தில் வாழும் நுண்ணுயிரிகளை நாயினங்களுக்குச் சேர்க்கின்றன. கொசுக்கள் இதயப்புழுவைப் பரப்புகின்றன. நீண்ட தூரம் ஓடி இரையைக் களைப்படையச் செய்யும் பிராணிக்கு இதயத்திலும் நுரையீரல் இரத்தக்குழாயிலும் புழு தங்குவது எத்தகைய இடர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. காட்டோரத்து ஊர்நாய்கள் இவ்வுண்ணிகளுக்கும் புழுக்களுக்கும் நிரந்தரக் களஞ்சியமாக இருப்பதால், இந்த மூன்றாவது வகை நம்மை அடுத்த பகுதிக்கு இட்டுச் செல்கிறது.

பழைய துணையும் புதிய பகையும்

ஒட்டுண்ணி என்றாலே அழித்தொழிக்க வேண்டியது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மானோடும் செந்நாயோடும் பல ஆயிரம் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த ஒட்டுண்ணி, தன்னைத் தாங்கும் விலங்கை முற்றும் அழித்தால் தானும் அழியும் என்ற நியதிக்குக் கட்டுப்பட்டது. உண்மையான ஆபத்து, காட்டுக்கு வெளியே பெருந்தொகையாக வளர்ந்து, காட்டுக்குள் எப்போதோ நுழையும் கிருமிகளிடமிருந்தே வருகிறது. அக்கிருமிக்குச் செந்நாய்க் கூட்டத்தைக் காப்பாற்றி வைக்கவேண்டிய அவசியம் ஏதும் இல்லை. தெருவில் திரியும் நாய்களே அதற்குப் போதும்.

இது வெறும் ஊகமன்று. பிலிகிரிரங்கன் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஆர். சி. மோரிஸ், அங்கே செந்நாய்களிடையே வெறிநோய் பரவியதை 1942-இல் எழுதிவைத்தார். 1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் புகுந்து காட்டுமாடுகளைப் பெருமளவில் மாய்த்தது. மேய்ச்சல் மாடுகளிடமிருந்து வந்த அந்நோய், அரசாங்கங்களின் இடைவிடாத தடுப்பூசி முயற்சியால் 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த வெக்கைக் கிருமியின் நெருங்கிய உறவினமே நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் கிருமி. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் பல இறந்தபோது இக்கிருமி அவற்றிடம் கண்டறியப்பட்டது. ஒன்றையொன்று நக்கி, உண்டதைக் கக்கி ஊட்டி, ஒரே இரையில் வாய்வைத்து வாழும் செந்நாய்க் கூட்டத்தில் இத்தகைய நோய் புகுந்தால், ஒன்றைத் தொட்டது அனைத்தையும் தொட்டதற்குச் சமம்.

ஆனைமலைப் பகுதியின் அமைப்பு இந்த அச்சத்தை மிகுவிக்கிறது. வால்பாறை, மூணாறு, நெல்லியாம்பதி ஆகிய இடங்களில் தேயிலை, காப்பித் தோட்டங்கள் காட்டின் நடுவே தீவுகளாகவும், சில இடங்களில் காடே தோட்டங்களின் நடுவே தீவாகவும் கிடக்கின்றது. தொழிலாளர் குடியிருப்புகளில் வளரும் நாய்கள் காட்டோரத்தில் திரிகின்றன. சில சமயம் மானையும் துரத்துகின்றன. செந்நாய் தின்று எஞ்சியதை உண்கின்றன. இரண்டு மாநிலங்களின் கால்நடைத்துறையும் வனத்துறையும் தத்தம் எல்லைக்குள் தனித்தனியே செயல்படுகையில், எல்லைக்கு இப்புறம் ஊர்நாய்களுக்குத் தடுப்பூசி போட்டும் அப்புறம் போடாமலும் விட்டால், நோயைத் தடுத்ததாகாது.

இதனோடு விஷம் வைக்கும் கொடுமையும் சேர்கிறது. கன்றையோ ஆட்டையோ இழந்த குடியானவன் சினத்தால் இறந்த கால்நடையின் உடலில் விஷம் தடவி வைத்தால், கூட்டமாக வந்து உண்ணும் பிராணியாகையால் ஒரே நாளில் ஒரு குடும்பமே மாயக்கூடும். அவனுடைய நஷ்டமும் உண்மையானது. அதைத் தாமதமின்றி ஈடுசெய்வது செந்நாயைக் காப்பதன் இன்றியமையாத அங்கம்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், செந்நாயைக் காக்கும் வழி செந்நாயை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதால் கிட்டாது என்பது புலனாகும். கடமானும் புள்ளிமானும் வரையாடும் கள்ள வேட்டைக்கு இரையாகாமல் பெருகினாலன்றிச் செந்நாய்க் கூட்டம் சிதறாமல் நிலைக்காது. இரை குறைந்து கூட்டம் சிதறினால், பசியால் மெலிந்த உடல் சாதாரண ஒட்டுண்ணியையும் தாங்காது. அந்நிலையில் வெளியிலிருந்து ஒரு நோய் புகுந்தால் மீள்வதற்கு வழியும் இராது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே சைலன்ட் வேலியிலும் நீலகிரியிலும் வாழும் செந்நாய்கள், தெற்கே அழிந்துபட்ட இடத்தை நிரப்பச் சமவெளியின் வயல்களையும் நெடுஞ்சாலைகளையும் கடந்து வரவேண்டியிருக்கும் என்பதால், ஆனைமலைக் கூட்டங்கள் தம் பலத்தையே நம்பி வாழவேண்டியவை.

ஆகவே நான் வேண்டுவது மூன்று. பறம்பிக்குளம், ஆனைமலை, சின்னாறு, இரவிகுளம் ஆகியவற்றில் ஒரே முறையில், ஒரே காலத்தில் எச்சங்களைச் சேகரித்து, ஆகாரத்துக்கு ஒரு பகுதியும் ஒட்டுண்ணிக்கு ஒரு பகுதியும் மரபணுவுக்கு ஒரு பகுதியுமாகப் பிரித்து ஆராயும் ஏற்பாடு வேண்டும். அப்போதுதான் இரை குறையும் காட்டில் புழு பெருகுகிறதா என்ற கேள்விக்கு எண்களைக் கொண்டு விடை கூற இயலும். காட்டையொட்டிய தோட்டங்களிலும் மலைக்கிராமங்களிலும் உள்ள நாய்களுக்கு, இரு மாநிலக் கால்நடைத்துறையினரும் கலந்து பேசி, வெறிநோய்க்கும் டிஸ்டெம்பருக்கும் ஒரே பருவத்தில் தடுப்பூசி போடவேண்டும். இதனால் அங்குள்ள குழந்தைகளும் நாய்க்கடியின் மரணபயத்திலிருந்து விடுபடுவர். மேலும், காடர், முதுவர், மலசர் முதலிய மலைவாழ் மக்கள் எந்தப் பள்ளத்தில் எந்த மாதத்தில் குட்டி ஈனப்படுகிறது, எங்கே கூட்டம் குறைந்தது என்பதைத் தம் அன்றாட அனுபவத்தால் அறிந்தவர்கள். அவர்களை வெறும் வழிகாட்டிகளாக வைக்காமல், ஊதியமும் பெயரும் பெறும் ஆய்வாளராகவே இப்பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெகுமதி கொடுத்துக் கொல்லச் சொன்ன ஓர் அரசு முறை, சட்டத்தால் அதைக் காக்கும் முறையாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே மாறிவிட்டது. சட்டம் காட்டின் எல்லையோடு நின்றுவிடாமல் காட்டோரத்துத் தெருநாய் வரைக்கும், மானின் மேய்ச்சல் நிலம் வரைக்கும் விரிந்து செயலாகும்போதுதான் அந்த மாற்றம் நிறைவு பெறும்.